நீரிழிவும் நள்ளிரவும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற உடல்நல அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் எனக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தலைப்பு "கல்வியும் முன்னேற்றமும்" என்பதாகும். அத்தலைப்பில் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் பலர் உள்ளனர். ஆகவே செயலாளர் அவர்களிடம் வேண்டி இத்தலைப்பைக் கேட்டுப் பெற்றேன். "தலைமையாசிரியருக்கு மருத்துவத்தில் என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நியாயமான கேள்விதான். நான் படித்தது வரலாறு, அதன்பின் பி.எட்.; மருத்துவம் படித்தவனல்லன். எனினும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீரிழிவு நோயுடன் வாழ்ந்து வருபவன் என்ற முறையிலும், ஓர் இரவில் பெருந்தவறு ஒன்றைச் செய்தவன் என்ற முறையிலும் பேசுவதற்கு எனக்குக் கடமையுண்டு. மருந்தின் அளவைப் பற்றி நான் ஏதும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

அந்த இரவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டு, மார்கழி மாதம். நம் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். என் சித்தப்பாவை உங்களில் மூத்தோர் அறிவீர்கள். நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். இக்கழகக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டிய நாளில் விடியுமுன்பே மண்வெட்டியுடன் வந்து நின்றவர்களில் ஒருவர். அன்று துக்க வீட்டில் பந்தல் போடுவதிலிருந்து உறவினருக்குச் சொல்லியனுப்புவது வரை எல்லாம் அவர்தம் பொறுப்பாயிற்று. நீரிழிவுக்கு அவர் கிளிபென்கிளமைடு என்னும் மாத்திரையைக் காலையும் மாலையும் உட்கொண்டு வந்தார். மாலை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். ஆனால் பிணம் கிடக்கும் வீட்டில், எடுக்கும் வரை உண்பதில்லை என்பது நம் வழக்கம். ஒரு குவளைத் தேநீரோடு இரவைக் கழித்தார்.

நள்ளிரவுக்குப்பின் அவர் பேச்சுக் குழறிற்று. தொடர்பில்லாமல் ஏதேதோ பேசினார். பந்தற்காலைப் பிடித்துத் தள்ளாடினார். கையைப் பிடித்தவரை உதறினார். பின் சாக்கடை ஓரத்தில் விழுந்தார். துக்க வீட்டில் சிலர் குடித்திருந்தனர் என்பது உண்மை. ஆகவே அவரும் குடித்திருக்கிறார் என்று அனைவரும் முடிவு கட்டினர். அவர் குடியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எனக்குத் தெரியும். ஆயினும், பட்டதாரி ஆசிரியனாகிய நானே அவரைத் தூக்கித் திண்ணையில் கிடத்தி, "தூங்கித் தெளியட்டும், விடுங்கள்" என்று சொன்னேன். வாயருகே குனிந்து முகர்ந்து பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சித்தி வந்து தொட்டுப் பார்த்தபோது அவர் சட்டை தண்ணீரில் நனைத்தெடுத்ததுபோல் வியர்வையால் ஊறியிருந்தது. மார்கழிப் பனியில் அவ்வளவு வியர்வை! எழுப்பினால் எழவில்லை. 108 ஊர்தி நம் மாநிலத்துக்கு 2008இல்தான் வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கும் முதற்கேள்வி, "எவ்வளவு குடித்தான்?" என்பதே. எந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்று கேட்டபின் அந்தக் கேள்வி இன்னும் உறுதியாயிற்று. தரையில் கிடத்தினர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் விரலில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். கருவி காட்டிய எண் 28. பள்ளித் தேர்வில் 35க்குக் கீழே எடுத்தால் அடுத்த முறை எழுதலாம்; இரத்தத்தில் அப்படியன்று. நரம்பின் வழியே குளுக்கோஸ் நீர் ஏற்றினர். கண் திறந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் பழைய சித்தப்பா திரும்பவில்லை. மனிதர்களின் பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. வேலைக்குச் செல்ல இயலவில்லை. ஆறு ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்து மறைந்தார். "நீ யாரப்பா?" என்று என்னைப் பார்த்து அவர் கேட்காத வாரமில்லை.

நண்பர்களே, நடந்தது என்ன என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். நம் உடலில் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்தால் அதிலுள்ள சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டி அளவு. இந்தச் சிறு தேக்கரண்டியை நம்பித்தான் மூளை வேலை செய்கிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயுள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்குரிய எரிபொருளைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. சேமித்து வைப்பது கல்லீரல். நாம் உண்ணாத நேரத்தில், குறிப்பாக உறங்கும் நேரத்தில், கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து சிறிது சிறிதாக இரத்தத்துக்குச் சர்க்கரையை அளந்து விடுகிறது. அந்தக் களஞ்சியத்தின் கதவை மூடுவதுதான் இன்சுலின். தேவைக்கு மேல் இன்சுலின் இருந்தால் கதவு மூடியே கிடக்கும். தசைகளோ சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். 100 மில்லி இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதைச் சர்க்கரைக் குறைவு என்கின்றனர். 54க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பிறர் உதவியின்றித் தன்னைத்தானே மீட்டுக்கொள்ள இயலாத நிலைக்கு ஒருவர் போய்விட்டால், எண் எதுவாயினும் அது கடுமையான குறைவே.

பகலில் இது நேர்ந்தால் உடல் நமக்குச் சொல்லிவிடுகிறது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசி வயிற்றைக் கிள்ளும். அடுப்பங்கரைக்குப் போய் எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். இரவில் அந்தத் தூதர்கள் வந்து கதவைத் தட்டினாலும் கேட்பதற்கு ஆளில்லை. உறக்கத்தில் சர்க்கரைக் குறைவை எதிர்க்கும் அட்ரினலின் போன்ற சுரப்புகளே மந்தமாகிவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். மேலும், இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையேதான் நம் நாளின் மிக நீண்ட பட்டினி இருக்கிறது. நம்மில் பலர் போட்டுக்கொள்ளும் கலப்பு இன்சுலினில் நூற்றுக்கு 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் வகை. மாலை ஏழரை மணிக்குப் போட்டால் அதன் வலிமை உச்சத்துக்கு வருவது ஊர் உறங்கிய பிறகே. கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற புதிய நீடித்த இன்சுலின்களில் இந்த உச்சம் குறைவு. ஆகவே இரவுக் குறைவும் குறைவு. விலைதான் கூடுதல்.

வரலாற்று ஆசிரியன் என்பதால் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் மேக்லியாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. அதுவரை சாவுக்கு நாள் எண்ணிய பிள்ளைகள் பிழைத்தெழுந்தனர். கண்டுபிடித்தோர் தங்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். இவை பாடநூல்களில் வருவன. வராதது ஒன்றுண்டு. அம்மருந்தை முதலில் எவ்வாறு அளந்தார்கள் தெரியுமா? 24 மணி நேரம் பட்டினி போட்ட 2 கிலோ முயல் ஒன்றின் இரத்தச் சர்க்கரையை, வலிப்பு வரக்கூடிய 45 என்னும் அளவுக்கு எவ்வளவு மருந்து இறக்குகிறதோ அதையே ஒரு யூனிட் என்றனர். அதாவது, இன்று நான் பேசும் இந்த ஆபத்தையே அளவுகோலாகக் கொண்டுதான் அம்மருந்து பிறந்தது. பின்னாளில் யூனிட்டின் அளவு மாற்றியமைக்கப்பட்டது என்பது வேறு.

நீரிழிவு உடையோர் எல்லாரும் இரவில் அஞ்ச வேண்டுமா எனின், வேண்டியதில்லை. மெட்பார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இது அரிது. இன்சுலின் போடுவோரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருமே கவனமாக இருத்தல் வேண்டும். இம்மாத்திரைகள் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் உண்டீர்களா இல்லையா என்று அவை கேட்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மருந்து உடலிலேயே தங்கிவிடும். என் சித்தப்பாவின் சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது என்பதை அன்றைய இரத்தச் சோதனையில்தான் அறிந்தோம்.

நம் வீடுகளில் இவ்வாபத்து எவ்வாறு நுழைகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முதலாவது, நம் தாய்மார்கள். ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அதன்பின் கணவருக்குச் சோறு போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, மாமியாருக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, மிஞ்சியதை உண்ண உட்காரும்போது மணி பத்து. சில நாள் மிஞ்சுவதும் இல்லை. கடைசியில் உண்பதைப் பெண்மையின் இலக்கணம்போல் நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். இன்சுலின் போடும் பெண்ணுக்கு அது பட்டினித் தண்டனை. ஊசி போட்ட அரை மணி நேரத்தில் அவருக்கு முதலில் தட்டு வைக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆண்கள் அதன்பின் உண்ணலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது, உழைப்பு. கரும்பு வெட்டுவோர், சுமை தூக்குவோர், சித்தாள் வேலை செய்வோர் ஆகியோரின் தசைகள் பகலில் செலவிட்ட சர்க்கரையை இரவில் திரும்ப நிரப்பிக்கொள்கின்றன. பகலில் கடுமையாக உழைத்த நாளின் குறைவு, பல மணி நேரம் கழித்து உறக்கத்தில் வந்து சேரும். வேலை கிடைக்காத நாளுக்கும் பத்து மணி நேரம் மண் சுமந்த நாளுக்கும் மருந்து ஒன்றே என்றால், உணவாவது வேறுபட வேண்டாமா? இதை மருத்துவரிடம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். "என்ன வேலை செய்கிறீர்?" என்று அவர் கேட்கவில்லையெனில் நாமே சொல்லலாம்.

மூன்றாவது, மது. இதை இளைஞர்கள் கூர்ந்து கேளுங்கள். வெறும் வயிற்றில் மது அருந்தினால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. மாலையில் குடித்தவருக்கு நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ சர்க்கரை இறங்கலாம். அவர் மயங்கிக் கிடந்தால் போதை என்றே அனைவரும் எண்ணுவர். ஆகவே, மது வாடை வீசினாலும் நீரிழிவு உடையவர் என்றால் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். வாடை இருப்பது சர்க்கரை இறங்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

இனி ஊசியைப் பற்றி. படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டது ஒன்று. 100 யூனிட் கொண்டது மற்றொன்று. 40க்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. 100க்குரியதன் மூடி ஆரஞ்சு. அரசு மருத்துவமனையில் ஒரு குப்பி, கடையில் அவசரத்துக்கு வாங்கிய வேறு ஊசி என்று கலந்துவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 யூனிட் குப்பியிலிருந்து 40க்குரிய ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலுக்குள் செல்வது 20 அன்று, 50. இரண்டரை மடங்கு! எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய விகிதக் கணக்குத்தான். ஆனால் தவறினால் மதிப்பெண்ணோடு போகாது. பால்போன்ற கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே பத்து இருபது முறை மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும். கலக்காமல் இழுத்தால் ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் மிகுதியாகவும் செல்லும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கொழுப்புத் திரண்டு கட்டியாகும். கட்டியில் மருந்து சரியாக ஏறாது. திடீரென்று ஒருநாள் இடத்தை மாற்றினால் அதே அளவு மருந்து முழு வேகத்தில் ஏறிச் சர்க்கரையை வீழ்த்திவிடும். இடத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும் என்பது அதனால்தான்.

என் கதைக்கு வருகிறேன். 2012இல் எனக்கு நோய் கண்டது. 2018இல் இன்சுலின் தொடங்கினார்கள். 2019 பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழா. நாள் முழுதும் வெயிலில் மைதானத்தைச் சுற்றி வந்தேன். இரவு ஊசி போட்டுக்கொண்டபின் தொலைபேசி அழைப்பு வந்து, பேசி முடித்து, களைப்பில் இரண்டு தோசையோடு படுத்துவிட்டேன். பின்னிரவு இரண்டே முக்கால் மணிக்கு நான் ஏதோ முனகுவதைக் கேட்டு என் துணைவியார் விளக்கைப் போட்டாராம். தலையணை நனைந்திருந்ததாம். மகளின் பெயரைக் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் சினந்து கொண்டேனாம். சர்க்கரை நீர்க் குவளையைத் தட்டிவிட்டேனாம். இவற்றில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. அவர் சித்தப்பாவின் நிலையைக் கண்ணால் கண்டவர். ஆகவே என் சினத்தைப் பொருட்படுத்தவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்து, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்டேன். அப்போது எடுத்த அளவு 61 என்றால் அதற்கு முன் என்னவாயிருந்திருக்கும்! மறுபடியும் சர்க்கரை நீர் கொடுத்து, 90ஐத் தாண்டியபின் நான்கு பிஸ்கட்டும் சிறிது பாலும் கொடுத்தார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, சர்க்கரை இறங்கியவர் உதவியை மறுப்பார், ஏசுவார், அடிக்கவும் செய்யலாம். அது அவர் குணமன்று, பட்டினி கிடக்கும் மூளையின் குழப்பம். உணர்வோடு விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு, மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் மாவையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் அளந்து, 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். லட்டும் சாக்லேட்டும் உதவா. அவற்றிலுள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரையை மெதுவாகவே விடும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்னும் மாத்திரைகளையும் சேர்த்து உட்கொள்பவருக்கு வீட்டுச் சர்க்கரை விரைவில் பயன் தராது. குளுக்கோஸ் மாவே கொடுக்க வேண்டும். இதைப் பலர் அறியார்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாசத்தினால் ஊற்றிய பால் மூச்சுக்குழலுக்குள் சென்று உயிரை எடுத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள். குளுக்ககான் என்னும் ஊசி மருந்து வீட்டில் இருந்து, போடத் தெரிந்தவரும் இருந்தால் போடலாம். நம் வீடுகளில் அது இருப்பது அரிதே. கண் விழித்துவிட்டார் என்றவுடன் "வீட்டுக்குப் போகலாம்" என்று கிளம்பிவிடவும் கூடாது. மாத்திரையால் வந்த குறைவு, குறிப்பாக முதியோரிடத்தில், சில மணி நேரம் கழித்து மீண்டும் இறங்கும். ஒருநாளேனும் மருத்துவமனையில் இருத்திக் கவனிக்க வேண்டும்.

மருத்துவமனை வாயிலில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்கிறேன். நம் மக்களில் ஒருவர் தள்ளாடினால் குடி என்று உலகம் எளிதில் தீர்ப்பெழுதுகிறது. அந்தத் தீர்ப்பைப் பிறர் எழுதியதைவிட நானே எழுதினேன் என்பதுதான் என் நெஞ்சை இன்றும் அறுக்கிறது. ஆகவே, கேள்வி வருமுன் நாமே சொல்லிவிட வேண்டும்: "இவர் சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுபவர், கடைசியாக இத்தனை மணிக்கு உண்டார், முதலில் சர்க்கரையைப் பாருங்கள்." மூன்று முறை கேட்டாலும் இதையே மூன்று முறை சொல்லுங்கள். விரலில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சட்டைப்பையில் நோயின் பெயரும், மருந்தின் பெயரும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். என் பையில் உள்ளது; இதோ.

நோயை மறைப்போரும் உள்ளனர். திருமணப் பேச்சு நின்றுவிடும் என்று மறைக்கும் பெற்றோர், மாணவர் விடுதியில் ஊசியைப் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்த பிள்ளை ஆகியோரை நான் அறிவேன். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நீரிழிவினால் பெரிதும் துன்புற்றார். அந்நிலையிலும் அவர் பணி நிற்கவில்லை. அவருக்கு வந்த நோய் நமக்கு வந்தால் அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்குத் தெரிந்திருந்தால்தான் நள்ளிரவில் அவன் எழுப்புவான்.

காலையில் தலைவலியோடும் அயர்ச்சியோடும் எழுவது, கெட்ட கனவுகள், தலையணை ஈரம் ஆகியவை இரவில் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்பதற்கு அடையாளங்கள். ஐயம் எழுந்தால் அலாரம் வைத்து இரண்டு மூன்று நாள் பின்னிரவு மூன்று மணிக்கு அளந்து, எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். காலை அளவு கூடியிருப்பதை மட்டும் பார்த்து இரவு இன்சுலினைத் தாமே கூட்டிக்கொள்வது மிகுந்த ஆபத்து. படுக்குமுன் 100க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டுப் படுக்குமாறு என் மருத்துவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். உங்களுக்குரிய எண்ணை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கையில் ஒட்டிக்கொண்டு இரவில் ஒலியெழுப்பும் கருவியும் இப்போது வந்துள்ளது. இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. நமக்கு இப்போதைக்கு அலாரக் கடிகாரந்தான்.

இதையெல்லாம் கேட்டு அஞ்சி, இன்றிரவே ஊசியை நிறுத்திவிடாதீர்கள்! சர்க்கரை மிகுந்தால் கண்ணும் சிறுநீரகமும் காலும் போகும் என்பது பொய்யாகிவிடவில்லை. ஆனால் எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் சரியன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த அக்கார்டு என்னும் ஆய்வில், சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவில் இறப்பு மிகுந்ததால் 2008 பிப்ரவரியில் அம்முறையை நிறுத்தினர். இறப்புக்குச் சர்க்கரைக் குறைவுதான் காரணம் என்று அதில் நிறுவப்படவில்லை. எனினும் முதியோருக்கும் இதய நோயுடையோருக்கும் இலக்கைச் சற்றுத் தளர்த்திக் கொடுப்பது அதன்பின் வழக்கமாயிற்று. பாட்டியின் எண் 150 என்று கண்டு பேரன் பதற வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டு வாயிலுக்கே நீரிழிவு மாத்திரைகள் வருகின்றன. நம் தெருவுக்கு வரும் சகோதரியை நீங்கள் அறிவீர்கள். மாத்திரை கையில் கிடைக்கிறது. அட்டையிலுள்ள பெயரைப் படித்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். இளைஞர்களே, உங்கள் தாத்தாவின் மாத்திரைப் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள்... நான்கு பேர். சரி.

கழகத்தின் இரவுப் படிப்பகத்தில் ஒரு குளுக்கோஸ் மாவு டப்பாவும் ஓர் அளவுக் கருவியும் வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கும். இரவு எந்நேரமும் கதவைத் தட்டலாம். நேற்றுச் சொல்லியனுப்பியபடி இன்சுலின் போடும் அன்பர்கள் தம் குப்பியையும் ஊசிக்குழலையும் கொண்டுவந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாசலருகே உள்ள மேசையில் ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் இருவர் அமர்ந்திருக்கின்றனர். 40க்கு 40, 100க்கு 100 பொருந்துகிறதா என்று அவர்களிடம் காட்டிவிட்டுப் பிறகு சாப்பிடச் செல்லுங்கள். ஊசி போட்டவர்களுக்குப் பந்தியில் முதல் இடம்.